கரடித் தடத்தில் தேடிய குரங்கு

2019 ஏப்ரல் 29 அன்று இந்திய ராணுவத்தின் ட்விட்டர் பக்கத்தில் சில புகைப்படங்கள் வெளியாயின. வெள்ளைப் பனிப்பரப்பில் ஒற்றை வரிசையாக நீளும் காலடித் தடங்கள். நேபாளத்தில் மக்காலு சிகரத்தின் அடிவார முகாமுக்கு அருகே, ராணுவ மலையேற்றக் குழுவினர் ஏப்ரல் 9 அன்று கண்டவை அவை. நீளம் 32 அங்குலம், அகலம் 15 அங்குலம். கதைகளில் வரும் பனிமனிதனான யெட்டியின் தடங்கள் என்ற குறிப்பும் உடன் இருந்தது. ஒரே நாளில் அது உலகச் செய்தியாகிவிட்டது.

அடுத்து வந்த செய்தி அவ்வளவு தூரம் போகவில்லை. உள்ளூர் மக்களும் சுமைதூக்கிகளும் அதைக் காட்டுக் கரடியின் தடம் என்றுதான் சொன்னார்கள், அந்தப் பக்கம் இப்படிப்பட்ட தடங்கள் வழக்கமாகத் தென்படுபவைதான் என்று நேபாள ராணுவத் தரப்பு தெரிவித்தது. பனிமனிதனைப் பற்றிய நூறாண்டு வரலாற்றில் இது புதிதல்ல. வெளியூரார் தடத்தைப் பார்க்கிறார்கள். உள்ளூரார் ஒரு விலங்கின் பெயரைச் சொல்கிறார்கள். உலகத்தின் காதில் வேறொன்று விழுகிறது.

யெட்டி என்பது அறிவியல் இன்னும் கண்டுபிடிக்காத ஒரு குரங்கினமாக இருக்கக்கூடுமா? இந்தக் கேள்வியைக் கேட்பவரை ஏளனம் செய்யத் தேவையில்லை. நியாயமான கேள்விதான். அதற்கு விடை சொல்லும் அளவுக்குச் சான்றுகளும் இன்று கையில் இருக்கின்றன.

சொல்லிலேயே இருந்த விடை

1921ல் எவரெஸ்டுக்கு வழி தேடிச் சென்ற முதல் பிரிட்டிஷ் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் சார்லஸ் ஹோவர்ட்-பரி. லக்பா லா கணவாய்ப் பனியில் குழுவினர் பெரிய தடங்களைக் கண்டார்கள். பெரிய சாம்பல் நிற ஓநாய் ஒன்று தாவி ஓடிய தடமாக இருக்கும் என்பது ஹோவர்ட்-பரியின் கணிப்பு. உடன் வந்த சுமைதூக்கிகளோ 'மெதோ-காங்மி' என்றார்கள். குழு திரும்பியபின், கல்கத்தாவின் 'ஸ்டேட்ஸ்மன்' இதழுக்கு எழுதிவந்த ஹென்றி நியூமன் அந்தச் சுமைதூக்கிகளிடம் பேசி, அந்தப் பெயரை ஆங்கிலத்தில் 'அருவருப்பான பனிமனிதன்' என்று எழுதினார். மொழிபெயர்ப்பு தவறு. ஆனால் அந்தத் தவறுதான் உலகைச் சுற்றியது.

திபெத்திய மொழியில் கரடிக்கு 'த்ரெத்' என்று பெயர். பேச்சில் அது 'தே' என்று சுருங்கி ஒலிக்கும். 'மி' என்றால் மனிதன். ஷெர்பாக்கள் சொல்லும் 'மெ-தே' என்பதை 'மனிதக் கரடி' என்று பிரிக்கலாம். 'யெட்டி'யும் 'பாறைப் பகுதிக் கரடி' என்ற பொருள் தரும் திபெத்தியச் சொல்லிலிருந்து வந்ததாகவே பெரும்பாலும் விளக்கப்படுகிறது. மாடுகளை அடித்துத் தின்னும் பெரிய விலங்குக்கு ஷெர்பாக்கள் வைத்திருக்கும் 'ட்ஸு-தே' என்ற பெயர் பழுப்புக் கரடியையே குறிக்கிறது. மலைவாசிகளின் சொல்லுக்குள் கரடி உட்கார்ந்திருக்க, படித்தவர்கள் அதை மனிதக் குரங்காக மாற்றிக்கொண்டார்கள்.

அந்த மாற்றத்துக்கு உரம் போட்டது ஒரு புகைப்படம். 1951 நவம்பரில் எரிக் ஷிப்டனும் மைக்கேல் வார்டும் மென்லுங் பனியாற்றில் ஒரு தடத்தைக் கண்டு, அளவுக்காகப் பனிக்கோடரியைப் பக்கத்தில் வைத்துப் படமெடுத்தார்கள். விரல்கள் தெளிவாகத் தெரிந்த அந்தப் படம் பத்திரிகைகளில் வந்ததும் உலகம் யெட்டியை நம்பத் தொடங்கியது. 1954ல் லண்டனின் 'டெய்லி மெயில்' நாளிதழ் தனிக் குழுவையே அனுப்பியது. 1959ல் காத்மாண்டுவில் இருந்த அமெரிக்கத் தூதரகம், யெட்டி தேடுவோர் கடைப்பிடிக்க வேண்டிய நேபாள அரசின் விதிகளைத் தன் நாட்டுக்கு அனுப்பிவைத்தது. அனுமதிக்கு 5,000 ரூபாய். படம் எடுக்கலாம், உயிருடன் பிடிக்கலாம், ஆனால் தற்காப்புக்கு அல்லாமல் கொல்லக்கூடாது.

ஒரு கரடி பனியில் நடப்பதைக் கிட்டத்தில் கவனித்தால் மென்லுங் போன்ற தடங்கள் எப்படி உருவாகின்றன என்பது புரியும். கரடியின் முன்பாதத் தடம் அகலமானது, நீளம் குறைந்தது. பின்பாதத் தடத்துக்கோ மனிதப் பாதத்தைப் போலவே குதிகால் உண்டு, ஐந்து விரல்களும் உண்டு. ஆழமான பனியில் நடக்கும்போது, முன்கால் பதிந்த குழியிலேயே பின்காலையும் ஊன்றுகிறது கரடி. பின்பாதம் முன்பாதத் தடத்தின் பாதியை அழித்துவிட, இரண்டும் சேர்ந்து ஒரே நீண்ட தடமாகின்றன. நான்கு கால் விலங்கின் நடை, இரண்டு காலில் நடந்ததுபோல் ஒற்றை வரிசையாகத் தெரிகிறது. மறுநாள் வெயில் ஏறியதும் ஓரங்கள் உருகிக் குழி அகலமாகிறது, நகக் கோடுகள் மறைகின்றன. இரவில் அது இறுகி உறைகிறது. இரண்டு நாள் கழித்து அந்த வழியே வருபவர் காண்பது ஒரு ராட்சத மனிதனின் தடத்தை. இன்னொன்றும் உண்டு. மனிதனுக்குப் பெருவிரல் பாதத்தின் உட்புறம். கரடிக்குப் பெரிய விரல் வெளிப்புறம். கரடியின் இடது காலடியை வலது காலடி என்று எண்ணிவிட்டால், மனிதத் தடத்தோடு அது பொருந்திப்போகும்.

மசூரியில் வளர்ந்த அமெரிக்கரான டேனியல் டெய்லர் 1980களில் மக்காலுவை ஒட்டிய பருண் பள்ளத்தாக்கில் இந்தப் புதிரைத் தேடிப் போனார். கிராமத்தார் அவரிடம் இரண்டு கரடிகளைப் பற்றிச் சொன்னார்கள்: 'ரூக் பாலு' என்ற மரக் கரடி, 'புய் பாலு' என்ற தரைக் கரடி. மரத்திலேயே அதிக நேரம் கழிக்கும் இளம் கருங்கரடிகள் கிளையைப் பற்றிப் பழகுவதால் பாதத்தின் உள்விரல் கட்டைவிரல்போல் விலகி நிற்கும் என்றும், மர்மத் தடங்கள் அவற்றுடையவை என்றும் அவர் முடிவுக்கு வந்தார். அவரும் மற்றவர்களும் எடுத்த முயற்சியில், அதே பள்ளத்தாக்கு 1990களின் தொடக்கத்தில் மக்காலு-பருண் தேசியப் பூங்காவானது. 2019ல் ராணுவம் படமெடுத்ததும் அதே மக்காலு பகுதியில்தான்.

வேட்டைக்காரர் வீட்டுச் சுவர்

'அறிவியலுக்குத் தெரியாத பெரிய விலங்குகள் இன்னமும் கண்டுபிடிக்கப்படத்தானே செய்கின்றன? யெட்டி மட்டும் ஏன் இருக்கக்கூடாது?' என்று கேட்பவர்கள் உண்டு. கேட்க வேண்டிய கேள்வியே இது. ஆனால் அந்தக் கண்டுபிடிப்புகள் எப்படி நடந்தன என்பதையும் பார்க்க வேண்டும்.

கொரில்லா 1847ல் அறிவியலுக்கு அறிமுகமானது மண்டையோட்டின் மூலம். காபோனில் ஒரு மதபோதகர் வீட்டில் இருந்த மண்டையோட்டைப் பார்த்துத்தான் தாமஸ் சாவேஜ் தேடலைத் தொடங்கினார். 1992ல் வியட்நாமின் வு குவாங் காட்டில் சாவோலா என்ற புதிய மாட்டினம் தெரியவந்தது. ஆய்வாளர்கள் அதை உயிருடன் பார்ப்பதற்கு முன்பே, வேட்டைக்காரர் வீடுகளில் அதன் நீண்ட கொம்புகளைக் கண்டார்கள்.

குரங்குகளின் கதையும் இதேதான். தான்சானியாவின் ருங்வே மலைப்பகுதியில் ஆய்வாளர்கள் 2003ல் வன்யக்யூசா மக்களிடம் பேசிக்கொண்டிருந்தபோது, 'கிபுஞ்சி' என்றொரு கூச்ச சுபாவமுள்ள குரங்கைப் பற்றிக் கேள்விப்பட்டார்கள். கதையாக இருக்கலாம் என்ற ஐயம் முதலில் இருந்தது. சில மாதங்களில் நேரில் பார்த்தார்கள். 2005ல் அது புதிய இனமாக அறிவிக்கப்பட்டது. பின்னர், சோளக் கொல்லையில் விவசாயி வைத்த பொறியில் சிக்கி இறந்த ஒரு கிபுஞ்சியின் உடலை ஆராய்ந்தபோது, புதிய இனம் மட்டுமல்ல, புதிய பேரினமே என்று தெரிந்தது. ஆப்பிரிக்காவில் 1923க்குப் பிறகு கண்டறியப்பட்ட முதல் குரங்குப் பேரினம் அது.

மியான்மரின் கச்சின் மலைகளில் மழை பெய்தால் தும்மும் குரங்கு ஒன்று இருப்பதாக வேட்டைக்காரர்கள் சொன்னார்கள். மேல்நோக்கிய மூக்குத் துவாரத்தில் மழைநீர் இறங்குவதால் தும்மல் வரும். மழைநாளில் முழங்கால்களுக்கு நடுவே தலையைப் புதைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் என்று விவரித்தார்கள். அவர்கள் வைத்திருந்த தோலும் மண்டையோடும்தான் 2010ல் அந்தத் தட்டைமூக்குக் குரங்கை அறிவியலுக்குத் தந்தன. காங்கோ ஜனநாயகக் குடியரசில் 2012ல் அறிவிக்கப்பட்ட லெசுலா குரங்கை ஆய்வாளர்கள் முதலில் பார்த்தது 2007ல், ஒரு சிறுமி வளர்த்த செல்லப் பிராணியாக.

இவற்றில் ஒரு பொதுத்தன்மை இருக்கிறது. உயிருள்ள விலங்கு என்றால் அது சாகும், பொறியில் மாட்டும், யாரோ ஒருவர் சுவரில் அதன் கொம்பு தொங்கும், அடுக்களையில் அதன் கறி வேகும். அறிவியல் தாமதமாக வருகிறதே தவிர, எலும்பு முன்பே ஊருக்குள் வந்துவிடுகிறது.

யெட்டிக்கு முன்னோடி என்று அடிக்கடி காட்டப்படும் ஜைகாண்டோபிதிக்கஸ் என்ற பிரம்மாண்டக் குரங்கும் இதற்குச் சாட்சி. 1935ல் ஜெர்மானிய-டச்சு ஆய்வாளர் வான் கோனிக்ஸ்வால்ட் அதன் கடைவாய்ப் பல்லை ஹாங்காங்கில் ஒரு மருந்துக் கடையில் கண்டெடுத்தார். நாட்டு மருந்தில் அரைத்துச் சேர்ப்பதற்காக 'டிராகன் பல்' என்று விற்கப்பட்டது அது. அதற்குப் பிறகு சீனக் குகைகளில் சுமார் 2,000 பற்களும் நான்கு தாடைகளும் கிடைத்திருக்கின்றன. 2019ல் பல் எனாமலில் எஞ்சியிருந்த புரதத்தை ஆராய்ந்து, அது ஒராங்குட்டானின் தூரத்து உறவு என்று உறுதி செய்தார்கள். 2,95,000 முதல் 2,15,000 ஆண்டுகளுக்கு முன், காடு மாறிப் பழங்கள் அரிதானபோது அது அழிந்துபோனது என்று 2024ல் 'நேச்சர்' இதழில் வெளியான ஆய்வு கூறுகிறது. அது காட்டு விலங்கு, பனிமலை விலங்கல்ல. அழிந்து இரண்டு லட்சம் ஆண்டுகளுக்கு மேலான குரங்கின் பல்லே மருந்துக் கடை வரை வந்து சேர்ந்திருக்கிறது. இன்றும் இமயத்தில் உலவுவதாகச் சொல்லப்படும் குரங்கின் ஒரு பல்கூட எந்தக் கடைக்கும், எந்த வீட்டுக்கும் வரவில்லையே, ஏன்?

தலைத்தோல், விரல், முடி

யெட்டியுடையது என்று சொல்லப்பட்ட பொருள்கள் இல்லாமல் இல்லை. ஒவ்வொன்றும் சோதிக்கப்பட்டது.

நேபாளத்தின் கும்ஜுங் மடாலயத்தில் கூம்பு வடிவத் தலைத்தோல் ஒன்று உண்டு. உச்சியில் ஒரு மேடு. அதன்மேல் செம்பழுப்பு முடி. 1960ல் எட்மண்ட் ஹிலாரி யெட்டியைத் தேடிச் சென்றபோது, ஊர்ப் பெரியவர்களிடம் பேசி அதைச் சில வாரங்களுக்கு இரவல் வாங்கினார். ஊரின் பெருஞ்சொத்தைத் தனியே அனுப்ப மனமில்லாமல், குஞ்சோ சும்பி என்ற பெரியவர் உடன் போனார். சிகாகோ, பாரிஸ், லண்டன் என்று தலைத்தோலும் அவரும் பயணம் செய்தார்கள். விலங்கியலாளர்கள் பார்த்தார்கள், முடியை ஒப்பிட்டார்கள். இமயமலையின் காட்டு ஆட்டினமான சீரோவின் தோலை அச்சில் இட்டு இழுத்து வடிவமைத்தது அது என்று தெரிந்தது. ஹிலாரி குழுவினர் சீரோ தோல் ஒன்றை வாங்கி, அதேபோல் செய்தும் காட்டினார்கள். அடுத்த ஆண்டு கும்ஜுங்கில் ஹிலாரி ஒரு பள்ளிக்கூடம் கட்டிக்கொடுத்தார். யெட்டி தேடலில் ஷெர்பாக்களுக்குக் கிடைத்த மெய்யான பலன் அந்தப் பள்ளி.

பங்போச்சே மடாலயத்தில் இருந்த 'யெட்டி கை'யின் கதை வருத்தம் தருவது. அமெரிக்கச் செல்வந்தர் டாம் ஸ்லிக்கின் தேடல் குழுவைச் சேர்ந்த பீட்டர் பைர்ன், அந்தக் கையிலிருந்து ஒரு விரலை எடுத்துக்கொண்டு, அந்த இடத்தில் மனித விரல் ஒன்றை வைத்துவிட்டு வந்ததாகப் பின்னாளில் தாமே சொன்னார். ஹாலிவுட் நடிகர் ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டும் அவர் மனைவியும் அதை இந்தியாவிலிருந்து பெட்டியில் மறைத்து லண்டனுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே அதை ஆராய்ந்தவர் உடற்கூற்றியல் வல்லுநர் ஆஸ்மன் ஹில். மனிதனுடையதுதான் என்று முதலில் சொன்ன அவர், பிறகு ஐயப்பட்டார். அந்த விரல் லண்டன் அருங்காட்சியகம் ஒன்றில் பல ஆண்டுகள் கிடந்தது. 2011ல் எடின்பரோ விலங்கியல் பூங்காவில் நடந்த மரபணுச் சோதனை அது மனித விரல் என்று முடித்துவைத்தது. மடாலயத்தில் எஞ்சியிருந்த கையும் 1990களில் திருட்டுப்போய்விட்டது. ஒரு ஊரின் வழிபாட்டுப் பொருள், வெளியூராரின் ஆர்வத்துக்குப் பலியானது.

பிறகு வந்தது மரபணு யுகம். மேகாலயாவின் காரோ மலைகளில் 'மண்டே பருங்' என்று சொல்லப்படும் காட்டு மனிதனுடையவை என்று கிடைத்த முடிகள் 2008ல் சோதிக்கப்பட்டன; கோரல் என்ற மலையாட்டின் முடிகள் அவை. ஆக்ஸ்ஃபோர்டின் பிரயன் சைக்ஸ், உலகின் பல பகுதிகளிலிருந்தும் மர்ம விலங்குகளின் முடிகளைச் சேகரித்து 30 மாதிரிகளின் மரபணுவை 2014ல் வெளியிட்டார். மனிதன், குதிரை, மாடு, கரடி, சீரோ என்று தெரிந்த விலங்குகளே வந்தன. சுமத்ராவின் 'ஒராங் பெண்டெக்' என்ற குட்டை மனிதனுடையதாகச் சொல்லப்பட்ட முடி, தபீர் என்ற விலங்கினுடையது. லடாக்கிலும் பூடானிலும் கிடைத்த இரண்டு முடிகள் பண்டைய துருவக் கரடியை ஒத்திருப்பதாக சைக்ஸ் கருதினார். அவை சாதாரண இமயமலைப் பழுப்புக் கரடியின் முடிகள்தாம் என்று அடுத்து வந்த ஆய்வுகள் திருத்தின.

2017ல் நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ பல்கலைக்கழக ஆய்வாளர் சார்லட் லிண்ட்க்விஸ்ட் குழு, யெட்டியுடையவை என்று சொல்லப்பட்ட ஒன்பது மாதிரிகளை எடுத்துக்கொண்டது. முடி, எலும்பு, பல், தோல், எச்சம் என்று எல்லாமே இருந்தன. எட்டு, கரடிகளுடையவை: ஆசியக் கருங்கரடி, இமயமலைப் பழுப்புக் கரடி, திபெத்தியப் பழுப்புக் கரடி. ஒன்பதாவது, ஒரு நாயின் பல். குரங்கினத்தின் சாயல்கூட எதிலும் இல்லை. 1986ல் கிழக்குத் திபெத்தில் இரவு நேரத்தில் ஓர் உருவத்தைக் கண்டு, பல ஆண்டுகள் அதைத் தேடி அலைந்த மலையேற்ற வீரர் ரெய்ன்ஹோல்ட் மெஸ்னரும், தாம் கண்டது கரடியே என்று 1998ல் எழுதிவிட்டார்.

பனிச்சிறுத்தை சொல்லும் கணக்கு

'இமயம் பெரியது, ஒளிந்திருக்க இடமா இல்லை?' என்பது கடைசி வாதம். இமயத்தில் ஒளிந்து வாழ்வதில் பனிச்சிறுத்தையை மிஞ்சிய விலங்கு எது? பாறையின் நிறத்தோடு கலந்துவிடும் உடல். ஆள் நடமாட்டமே இல்லாத உயரம். அந்தப் பனிச்சிறுத்தையையே இந்தியா எண்ணி முடித்திருக்கிறது. 2019 முதல் 2023 வரை நடந்த கணக்கெடுப்பில் 1,971 இடங்களில் தானியங்கி கேமராக்கள் வைக்கப்பட்டன. 241 சிறுத்தைகள் உடற்புள்ளிகளை வைத்துத் தனித்தனியாக அடையாளம் காணப்பட்டன. இந்தியாவில் மொத்தம் 718 என்ற மதிப்பீடு 2024 ஜனவரியில் வெளியானது.

கேமரா கண்ணில் படாதவை எச்சத்தில் படுகின்றன. 2019ல் எவரெஸ்ட் பகுதியில், 4,500 முதல் 5,500 மீட்டர் உயரத்தில், குளங்களிலும் ஓடைகளிலும் இருந்து 20 லிட்டர் நீரை மட்டும் எடுத்து அதில் மிதந்த மரபணுவை ஆராய்ந்தார்கள். 187 வரிசைகளைச் சேர்ந்த உயிரினங்களின் தடயம் கிடைத்தது. அதே பயணத்தில் கிடைத்த எச்சங்களிலிருந்து, வீட்டுப் பூனை அளவே இருக்கும் பல்லாஸ் பூனை எவரெஸ்டின் சரிவுகளில் வாழ்வது முதன்முறையாகத் தெரியவந்தது. ஒரு பூனையின் எச்சம் கிடைக்கிற மலையில், ஆள் உயரக் குரங்கின் எச்சம் கிடைக்காமல் போகாது.

குளிரைத் தாங்காது என்று யெட்டியைத் தள்ளிவிடுவது சரியல்ல. சீனாவின் யுன்னான் மாகாணத்தின் கருப்பு-வெள்ளைத் தட்டைமூக்குக் குரங்கு 4,000 மீட்டருக்கு மேலான காடுகளிலும் பாசிகளைத் தின்று வாழ்கிறது. பிரச்சினை, எண்ணிக்கை. ஒராங்குட்டான் ஏழெட்டு ஆண்டுக்கு ஒரு குட்டி ஈனும். மனிதக் குரங்குகள் எல்லாமே மெதுவாகப் பெருகுபவை. ஒற்றை யெட்டி காலகாலமாக வாழ முடியாது. நூற்றுக்கணக்கில் கூட்டமாக இருந்தால்தான் வம்சம் தொடரும். அத்தனைக்கும் தினமும் இரை வேண்டும். பனியாற்றின் மேல் தின்ன ஒன்றும் இல்லை. கீழே காட்டுக்கு இறங்கினால் யாக் மேய்ப்பவர்கள், மூலிகை பறிப்பவர்கள், விறகு வெட்டுபவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கண்ணில் படாமல் ஒரு கூட்டமே வாழ்வது நடக்காத காரியம்.

ஆகவே விடை தெளிவு: யெட்டி கண்டுபிடிக்கப்படாத குரங்கினம் அல்ல.

நம்பிக்கைக்கு உரிய இடம்

இப்படிச் சொல்வது ஷெர்பாக்களின் நம்பிக்கையைச் சிறுமைப்படுத்துவதாகாது. அவர்களின் யெட்டி காட்டு விலங்கு மட்டுமல்ல. பாட்டிமார் கதைகளிலும் மடாலயங்களின் வழிபாட்டிலும் இடம்பெற்ற, மலையின் மற்றொரு குடி. பூடானின் சக்தேங் வனவிலங்கு சரணாலயப் பகுதியில் வாழும் மக்கள் 'மிகோய்' பற்றிப் பேசும்போது, காட்டுக்குள் அடக்கத்தோடு நடந்துகொள்ள வேண்டும் என்ற பாடமும் அதில் இருக்கிறது. அதற்கு மரபணுச் சான்று யாரும் கேட்கவில்லை. பிழை, அந்த நம்பிக்கையை எடுத்துப்போய்த் துப்பாக்கியும் கேமராவுமாகத் தேடும் பொருளாக ஆக்கியவர்களுடையது.

நமக்குப் பக்கத்திலும் இப்படியொரு கதை உண்டு. இலங்கையின் தென்கிழக்குக் காடுகளில் 'நிட்டேவோ' என்ற குள்ளமான, முடி நிறைந்த மனிதர்கள் வாழ்ந்ததாகவும், தங்களுக்குத் தொல்லை கொடுத்த அவர்களைக் குகைக்குள் அடைத்துத் தீமூட்டிப் புகையால் கொன்றுவிட்டதாகவும் வேடர்கள் சொன்ன கதை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பதிவானது. கொழும்பு மருத்துவக் கல்லூரியில் உடற்கூற்றியல் கற்பித்த ஒருவர் 1945ல் இதைப் பற்றி எழுதி, அழிந்துபோன ஆதி மனித இனமாக இருக்கலாமோ என்று கேட்டார். அவர் வேறு யாருமல்ல, பின்னாளில் லண்டனில் பங்போச்சே விரலை ஆராய்ந்த அதே ஆஸ்மன் ஹில். குரங்கினங்களின் உடற்கூறு பற்றிப் பல தொகுதிகள் எழுதிய பேரறிஞர் அவர். அவரே இந்த ஆசையிலிருந்து விடுபடவில்லை. நிட்டேவோவின் எலும்பு என்று உறுதியாகச் சொல்லக்கூடிய எதுவும் இன்றுவரை கிடைக்கவில்லை.

ரயில் பாதையில் நிற்கும் கேள்வி

இமயத்தில் தெரியாத குரங்குகள் இல்லாமல் இல்லை. அருணாசலப் பிரதேசத்தின் தவாங், மேற்கு காமெங் மாவட்டங்களில் இந்திய ஆய்வாளர்கள் கண்டறிந்த குரங்கு 2005ல் புதிய இனமாக அறிவிக்கப்பட்டது. 1903க்குப் பிறகு மக்காக் பேரினத்தில் சேர்ந்த முதல் புதிய இனம் அது. மோன்பா மக்கள் அதை முன்பே 'முன்சாலா' என்று அழைத்துவந்தார்கள். அடர்காட்டுக் குரங்கு என்று பொருள். அந்தப் பெயரே அறிவியல் பெயருமானது. 2015ல் திபெத்தின் மெதோக் பகுதியில் வெண்கன்னக் குரங்கு வந்தது. 2022ல் அருணாசலத்திலிருந்தே சேலா குரங்கு. யெட்டியைத் தேடி ஒரு நூற்றாண்டு காசும் உழைப்பும் கொட்டிய மலைத்தொடரில், மெய்யான விலங்குகளைத் தேடியவர்களுக்கு இருபதே ஆண்டுகளில் மூன்று குரங்குகள் கிடைத்தன. முன்சாலா பயிரில் இறங்குவதால் விவசாயிகளிடம் அடிபட்டுச் சாகிறது. அந்த விவசாயிக்குப் பயிர் இழப்பீடு தருவது எந்த யெட்டி தேடலையும்விட அவசரமான வேலை.

யெட்டி என்று படம் பிடிக்கப்பட்ட கரடியின் நிலையும் நல்லதாக இல்லை. இமயமலைப் பழுப்புக் கரடியின் வம்சம் மற்றப் பழுப்புக் கரடிகளிடமிருந்து சுமார் 6,50,000 ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்துவிட்டது என்பது லிண்ட்க்விஸ்ட் ஆய்வில் தெரியவந்த இன்னொரு உண்மை. இன்று அது மிகவும் அருகி, அழிவின் விளிம்பில் இருக்கிறது.

இந்தியாவில் உண்மையாகவே ஒரு வாலில்லாக் குரங்கு இருக்கிறது. ஹூலக் கிப்பன். நாட்டின் ஒரே வாலில்லாக் குரங்கினம் அதுதான். அசாமின் ஜோர்ஹாட் மாவட்டத்தில், தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே தீவுபோல் எஞ்சிய ஹொல்லாங்காப்பார் கிப்பன் சரணாலயத்தில் சுமார் 125 கிப்பன்கள் வாழ்கின்றன. சரணாலயத்தின் பரப்பு சுமார் 21 சதுர கிலோமீட்டர். விடிகாலையில் ஜோடிகள் சேர்ந்து கூவும் ஓசை காட்டைத் தாண்டிக் கேட்கும். ஆணும் பெண்ணும் மாறி மாறிக் கூவி, தம் எல்லையை அக்கம்பக்கத்துக்கு அறிவிக்கின்றன.

அந்தக் காட்டைப் பிளந்துகொண்டு 1887ல் போடப்பட்ட ரயில் பாதை ஓடுகிறது. கிப்பன் தரையில் இறங்கி நடக்கும் விலங்கல்ல. கிளைக்குக் கிளை கையால் தாவியே வாழ்வது. தண்டவாளத்துக்கு மேலே கிளைகள் தொடாத இடத்தில் அதன் உலகம் முடிந்துவிடுகிறது. பாதைக்கு இந்தப் பக்கம் இருக்கும் குடும்பம் அந்தப் பக்கத்துக் குடும்பத்தோடு கலக்க வழியில்லை. 2015ல் கட்டிய இரும்புப் பாலத்தை அவை பயன்படுத்தவில்லை. கயிற்றுப் பாலங்கள் அமைக்க 2025ல் ரயில்வே முன்வந்தது. பாதையை அகலப்படுத்தும் எந்தத் திட்டத்துக்கும் முன்னால் அந்தப் பாலங்கள் கட்டி முடிக்கப்பட வேண்டும். கிப்பன்கள் அவற்றில் ஏறிக் கடக்கின்றனவா என்று ஆண்டுதோறும் கணக்குக் காட்டப்பட வேண்டும். யெட்டி படத்தைப் பகிரும் ஒவ்வொருவரும் இந்தப் பாலத்தைப் பற்றியும் கேட்கலாம்.